பதினான்கு வருட டெபாசிட்

விடுமுறைக்கு வேலூரிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரன் வீட்டுக்கு உறவினர்கள் வந்தால் அதற்கென்று ஒரு அட்டவணை உண்டு. முதல் நாள் பத்மநாபசுவாமி கோயில், இரண்டாம் நாள் கோவளம், மூன்றாம் நாள் மியூசியமும் மிருகக்காட்சி சாலையும். மிச்சம் இருந்தால் கன்னியாகுமரி. இந்த முறை மாப்பிள்ளை அட்டவணையை மாற்றிவிட்டார். அவருக்குக் கொஞ்ச நாளாக வரலாற்றில் ஆர்வம்.

"மச்சான், இங்க வலியசாலை கோயிலக் காட்டுங்க. அப்புறம் கொச்சியில வாஸ்கோடகாமா சர்ச். இந்த ரெண்டும் போதும்."

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடத்தில் என்னிடம் இப்படிக் கேட்ட முதல் உறவினர் அவர்தான். சந்தோஷம் இரண்டு நாள் கூட நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வலியசாலையில் மாப்பிள்ளை முதலில் கேட்ட கேள்வி, "ராஜராஜன் படை வந்த இடம் எது?" கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டார். அவர் சாயங்கால தீபாராதனைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பதில் சொன்னார். மாப்பிள்ளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு "போலாமா?" என்றார். மொத்தம் பத்து நிமிடம்.

மறுநாள் காலை ரயில் பிடித்து எர்ணாகுளம். அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது ஏற்கனவே ஒரு சுற்றுலாக் கூட்டம் இருந்தது. வழிகாட்டி ஐந்து வாக்கியம் சொன்னார். அதில் நான்கு வாஸ்கோடகாமாவைப் பற்றி. ஓரத்தில் தரையில், கம்பி அடைப்புக்குள் கல்லறைக் கல். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஒரு வயதான அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர் அவர் தோளைத் தட்டி, கொஞ்சம் நகரச் சொன்னார். போட்டோவில் விழுகிறாராம். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து பின்பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை சொன்னார்: "எலும்பு கூட இங்க இல்லியாம் மச்சான். வெறுங்கல்லு. இதுல பாக்க இன்னா இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தை ரயிலில் திரும்பி வரும்போது முழுவதும் கொட்டித் தீர்த்தேன். தீரவில்லை. மீதி இங்கே.

நான் வங்கிக்காரன், பி.காம். வரலாறு படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கும்போது எந்தப் பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று தெரியும். முதல் வரவை மட்டும் பார்த்து யாரும் கணக்கை எடை போடமாட்டார்கள். இருப்பதிலேயே பெரிய வரவை மட்டும் பார்த்தும் எடை போடமாட்டார்கள். முழு பாஸ்புக்கையும் புரட்டுவார்கள். இந்தக் கட்டடத்தின் பாஸ்புக்கைப் புரட்டுவோமா?

1503-ல் கொச்சி ராஜாவின் அனுமதியோடு போர்த்துகீசியர்கள் கோட்டை கட்டுகிறார்கள். அதற்குள் மரத்தால் ஒரு சிறு கோயில். பிறகு கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட ராஜா அனுமதி தருகிறார். பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டிய கல் கட்டடம் 1516-ல் முடிகிறது. அன்று அதற்குப் பெயர் புனித அந்தோனியார் கோயில். துறவிகளின் மடம், அதையொட்டிய கோயில், சுற்றிலும் வியாபாரமும் துறைமுகமுமாக ஒரு நகரம். இப்படி 147 வருடம்.

1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடிக்கிறார்கள். கத்தோலிக்க மடங்களையும் கோயில்களையும் இடித்துத் தள்ளுகிறார்கள். ஆனால் இந்த ஒன்றை மட்டும் இடிக்காமல் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். துறவிகள் போய்விட்டார்கள், பிரசங்கிகள் வந்தார்கள். 1779-ல் அவர்களே பழுது பார்த்துப் புதுப்பிக்கிறார்கள். அந்த வருடம் இன்றும் மேற்கு முகப்பில் இருக்கிறது.

1795-ல் ஆங்கிலேயர்கள் வருகிறார்கள். கட்டடம் அப்போதும் டச்சுச் சபையார் கையில்தான். 1804-ல் அவர்களே முன்வந்து ஆங்கிலிக்கன் சபைக்குக் கொடுக்கிறார்கள். புனித பிரான்சிஸ் என்ற பெயரை வைத்தவர்கள் ஆங்கிலிக்கன் சபையினர்தான் என்கிறார்கள். வந்து குடியேறிய புராட்டஸ்டண்டுகள், துரத்தப்பட்ட கத்தோலிக்கத் துறவிகளின் குருநாதர் பெயரையே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். வரலாறு சில சமயம் இப்படியும் சிரிக்கும் :)

1923-ல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் கைக்கு வந்தது. இன்று வரை அங்கே வழிபாடு நடக்கிறது, தொல்லியல் துறையும் பராமரிக்கிறது.

ஆக, கத்தோலிக்கத் துறவிகள், டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், நம்மூர்க் கிறிஸ்தவர்கள் என்று நாலு கை மாறியிருக்கிறது. கட்டடம் ஒன்றுதான்.

இப்போது வாஸ்கோடகாமா. மூன்றாவது முறையாக 1524-ல் இந்தியா வந்தவர், அதே வருடம் டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்துபோனார். இங்கே புதைத்தார்கள். பதினான்கு வருடம் கழித்து எலும்புகளைத் தோண்டி எடுத்துப் போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவ்வளவுதான் ஐயா விஷயம். ஐநூறு சொச்சம் வருடம் நடப்பில் இருக்கும் ஒரு கணக்கில் பதினான்கு வருடம் ஒரு டெபாசிட் கிடந்தது. அப்புறம் முழுத் தொகையும் எடுக்கப்பட்டுவிட்டது. நூற்றுக்கு மூன்று பங்கு கூட இல்லாத அந்தக் காலத்தை வைத்துக் கட்டடத்துக்கே அவர் பெயரைச் சூட்டுகிறோம்!

போன எலும்புகளாவது ஓரிடத்தில் நின்றதா என்றால், அதுவும் இல்லை. 1880-ல் லிஸ்பனில் உள்ள ஜெரோனிமோஸ் மடத்துக் கோயிலுக்கு மாற்றினார்கள். அதுவும் ஒரு பழைய துறவியர் மடம்தான். 1830-களில் போர்த்துகலில் துறவற சபைகளைக் கலைத்தபோது அங்கிருந்த துறவிகளும் வெளியேறினார்கள். அதன்பின் நெடுங்காலம் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளியாக இருந்தது. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதே மடத்தில். மடம் பள்ளியாகும், பள்ளி மண்டபமாகும். உலகம் முழுக்க இதுதான் கதை. கட்டடம் நிற்க வேண்டுமானால் வேலை மாறிக்கொண்டே இருக்கும்.

"அந்தப் பேர் இல்லேன்னா யார் வருவா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கைடுகளும் ஆட்டோக்காரர்களும் பிழைக்கவேண்டும். பெயர் வாசல் வரை ஆளைக் கூட்டி வரட்டும், ஆட்சேபணை இல்லை. உள்ளே வந்தபிறகும் அந்தப் பெயரைத் தவிர வேறு எதையும் காட்டமாட்டோம் என்பதுதான் அநியாயம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இதே மனிதர்தான் 1502-ல் மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் கப்பலைக் கடலில் வைத்து எரித்தவர். பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மலபார் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஒரு கட்டடத்தை ஒரே மனிதர் பெயரில் எழுதிவைத்தால், அவர் மேல் உள்ள கோபம் ஒருநாள் கட்டடத்தின் மேல் திரும்பும். அவர் செய்த பாவத்துக்கு இந்தச் சுவர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டனவா என்ன? அவரைக் கொண்டாடுகிறவர்களும் சரி, திட்டுகிறவர்களும் சரி, இந்தக் கட்டடத்தை அவர் தலையில்தான் கட்டுகிறார்கள். பின்பெஞ்சுக்குப் போன அந்த அம்மா இரண்டு கணக்கிலும் வரவில்லை.

சரி, இந்த ஒன்று மட்டும் ஏன் பிழைத்தது? அதையும் பார்க்கவேண்டும். ஏனென்றால் கொச்சியில் பிழைக்காதவை ஏராளம்.

அதே ஊரில் சாந்தா குரூஸ் என்று போர்த்துகீசியர்களின் பேராலயம் இருந்தது. அதையும் டச்சுக்காரர்கள் இடிக்கவில்லை. ஆனால் வழிபாட்டுக்கு வைத்துக்கொள்ளாமல் ஆயுதக் கிடங்காக ஆக்கினார்கள். ஆங்கிலேயர்கள் கொச்சியைப் பிடித்ததும் இடித்துவிட்டார்கள். எதிரியின் கிடங்கை யார் விட்டுவைப்பார்கள்? இன்று நிற்கும் சாந்தா குரூஸ் பசிலிக்கா 1905-ல் அர்ச்சிக்கப்பட்ட புதுக் கட்டடம். பழையதின் மிச்சமாக அந்த வளாகத்தில் ஒரே ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1806-ல் கோட்டைச் சுவர்களையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், தமிழர்களுக்கு வலிக்கவேண்டிய விஷயம். 1579-ல் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சானது இந்தக் கொச்சியில், ஏசு சபையாரின் கல்லூரியில். முந்தைய வருடம் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்'. தமிழ் எழுத்து அச்சில் ஏறிய ஆரம்ப நாட்கள் அவை. அந்தக் கல்லூரிக் கட்டடம் இன்று இல்லை. வாஸ்கோடகாமாவின் வெறுங்கல்லைப் பார்க்கப் பஸ் பிடித்துப் போகும் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மாப்பிள்ளைக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கேரளாவுக்கு மாற்றலாகி வரும்வரை தெரியாது.

ஆக, பிரான்சிஸ் தேவாலயம் பிழைத்ததற்குக் காரணம் வாஸ்கோடகாமா இல்லை. பிடித்தவன் எவனாக இருந்தாலும் அதில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தான், கல்யாணம் செய்துவைத்தான், கூரை ஒழுகினால் அடைத்தான். 1751 முதல் 1804 வரை டச்சுக்காரர்கள் அங்கே எழுதிவைத்த ஞானஸ்நான, திருமணப் பதிவேடு இன்றும் இருக்கிறது. டூப் புக் என்பார்கள். ஐம்பத்து மூன்று வருடப் பெயர்கள். எனக்கு வாஸ்கோடகாமா கல்லைவிட அந்தப் பேரேடு பெரிது. தொழில் புத்தி என்று சிரித்தாலும் பரவாயில்லை.

புழக்கம்தான் கட்டடத்துக்கு உயிர். எங்கள் தொழிலிலும் அதுதான். எவ்வளவு பெரிய தொகை கிடந்தாலும் இரண்டு வருடம் வாடிக்கையாளர் தொடாமல் விட்டால் அது செயலற்ற கணக்கு. நூறு ரூபாய் போட்டு எடுத்துக்கொண்டிருப்பவர் கணக்கு உயிருள்ள கணக்கு.

இப்போது இரண்டாவது சண்டை. இது முதலாவதைவிட முக்கியம்.

திரும்பும் ரயிலில், கோட்டயம் தாண்டியதும், மாப்பிள்ளை கேட்டார்: "அப்ப நியாயமா பாத்தா இது கத்தோலிக்கருக்குத்தான சேரணும்? கட்டினவங்க அவங்கதான? திருப்பிக் குடுக்கணும்ல மச்சான்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் இந்தக் கேள்வி இன்று நாட்டில் விளையாட்டாக இல்லை. 'முதலில் யாருடையது?' என்ற ஒற்றைக் கேள்வியை வைத்து எத்தனை கோர்ட், எத்தனை கலவரம் பார்த்துவிட்டோம்.

முதல் உரிமையாளரைத் தேடுவது என்று வைத்துக்கொண்டால் எங்கே நிறுத்துவது? கட்டிய பிரான்சிஸ்கன் துறவிகளிடமா? அனுமதி கொடுத்த கொச்சி ராஜாவிடமா? அவருக்கு முன் அந்த மண்ணில் வலை காயவைத்தவர்களிடமா? 1516-ஐ உண்மை என்றும் 1663-ஐ அநியாயம் என்றும் 1804-ஐ தானம் என்றும் எழுதிவிட்டு, இன்று அங்கே முழங்கால் போடுகிறவரை வெளியே போ என்று சொன்னால், அது நியாயமா, புது அநியாயமா?

1991-ல் வழிபாட்டிடங்கள் சட்டம் வந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்றது. நல்ல சட்டம். எங்கள் பாஷையில் சொன்னால், அந்தத் தேதியில் கணக்கை முடித்து இருப்பை முன்கொண்டு வந்தார்கள். ஆனால் 1958-ம் வருடத் தொல்சின்னச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. பிரான்சிஸ் தேவாலயம் அந்தத் தொல்சின்னப் பட்டியலில் உள்ளது. அதாவது அந்தச் சட்டத்தின் வேலி இதற்கு இல்லை. இன்று யாரும் அதைக் கேட்டுச் சண்டை போடவில்லை, சந்தோஷம். அந்த அமைதிக்குக் காவல் சக மனிதர்களின் நல்ல புத்திதான். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மாப்பிள்ளையும் விடவில்லை. "அப்ப நம்ம ஜலகண்டேஸ்வரர்?" என்றார். வேலூர்க்காரர் இல்லையா, சரியான இடத்தில் பிடித்தார். எனக்கும் ஒரு நிமிடம் வாயடைத்துப்போனது.

தெரியாதவர்களுக்காக: வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் விஜயநகரக் காலத்துக் கட்டடம். மூலவர் இல்லாமல் பூஜை நின்று, சுமார் நானூறு வருடம் வெறும் கட்டடமாகக் கிடந்தது. அந்த அழகான கல்யாண மண்டபமே ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்கு. 1981-ல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். தொல்லியல் துறை ஒப்பவில்லை, ஊர் கேட்கவில்லை. அப்போது நான் கைக்குழந்தைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் நடுவில் ஏதோ ஒரு வயசில் இருந்திருப்பேன், அல்லது பிறக்கவே இல்லை. என் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தக் கதையை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்படியானால் நான் ஆளுக்கொரு நியாயம் பேசுகிறேனா? இல்லை. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் 1981-ல் வேறு யாரும் கும்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. யாரையும் வெளியேற்றவில்லை. செயலற்றுக் கிடந்த கணக்கை உயிர்ப்பித்தார்கள். அதே கோட்டைக்குள் 1846-ல் கட்டிய புனித ஜான் தேவாலயம் இருக்கிறது, மசூதி இருக்கிறது. லிங்கம் வந்ததால் அவற்றின் ஒரு கல்லும் நகரவில்லை. செயலற்ற கணக்கை உயிர்ப்பிப்பது வேறு. இன்னொருவர் போட்டு எடுத்துக்கொண்டிருக்கும் கணக்கை, 'இது எங்க தாத்தா திறந்தது' என்று பிடுங்குவது வேறு. முதலாவதற்குப் பெயர் மீட்பு. இரண்டாவதற்கு எங்கள் தொழிலில் வேறு பெயர்.

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. கொல்லம் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக, இந்த வியாதி சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். வலியசாலைக்கு வருவோம். அந்தக் கோயில் இருக்கும் இடம்தான் பழைய காந்தளூர்ச் சாலை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். வேதமும் சாஸ்திரமும் படிக்க மாணவர்கள் தங்கியிருந்த இடம், ஏறக்குறைய ஒரு மடம். கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தபோது, காந்தளூர் நடைமுறையைப் பின்பற்றச் சொல்லிச் செப்பேட்டில் எழுதிவைத்தான். திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் ஹஜூர் ஆபீஸ் செப்பேடு என்றே அதற்குப் பெயர். மற்ற ஊர்கள் பார்த்து எழுதிய அளவுக்குப் பேர் பெற்ற பள்ளி இருந்த இடம்! நமக்குத் தெரிந்ததோ ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் ஒரு வரி. அதில் அவன் கப்பலை அழித்தானா, சாப்பாட்டை நிறுத்தினானா, வழக்கைத் தீர்த்தானா என்று அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் நம் ஆள் வந்து இறங்கியதும் கேட்பது, 'படை வந்த இடம் எது?' பாடம் நடந்த இடம் எது என்று கேட்பதில்லை.

கொச்சியில் போர்த்துகீசிய மாலுமி. திருவனந்தபுரத்தில் சோழ ராஜா. ஆள்தான் மாறுகிறான். பெரிய பெயர் ஒன்று வந்து உட்கார்ந்ததும், அங்கே தினம் விளக்கேற்றியவர்கள் எல்லோரும் மறைந்துபோகிறார்கள்.

பிரான்சிஸ் தேவாலயத்துக்கு அடுத்த முறை போனால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். வாஸ்கோடகாமா கல்லை ஒரு நிமிடம் பாருங்கள், தப்பில்லை. பிறகு சுவர்களைப் பாருங்கள். ஒருகாலத்தில் தரையில் பதித்திருந்த கல்லறைக் கற்களை 1886-87-ல் பெயர்த்து இரண்டு பக்கச் சுவர்களிலும் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் போர்த்துகீசியர்கள், எதிர்ப்பக்கம் டச்சுக்காரர்கள். உயிரோடு இருந்தபோது ஒருவரையொருவர் பீரங்கியால் சுட்டவர்கள். அப்புறம் தலையைத் தூக்கி மேலே தொங்கும் பங்காவைப் பாருங்கள். நீளத் துணி விசிறி. கயிறு வெளியே போகும். வெளியே நின்று அதை இழுத்தது நம்மூர் ஆள். உள்ளே பிரசங்கம் முடியும் வரை இழுத்திருப்பார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

யாராவது ஜெபம் செய்துகொண்டிருந்தால், போட்டோவில் விழுந்தாலும் பரவாயில்லை, அப்படியே விட்டுவிடுங்கள். இன்றைய தேதியில் அந்தக் கணக்கை நடத்துகிறவர் அவர்தான்.

பி.கு.: ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், அந்த பங்கா இழுக்கறவங்க வெளிய எந்தப் பக்கம் நின்னு இழுத்தாங்க?" என்று கேட்டார். அடுத்த விடுமுறைக்கு இன்னொரு முறை கொச்சி போகிறோம்.